எர்த் பின்னிலிருந்து தொடங்குங்கள்: கேமிங் கணினிக்கான மின்காப்பு, எஸ்.எம்.பி.எஸ்., மின்விசிறி

சென்ற மாதம் அக்கா மகன் எனக்கு ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவன். சேர்த்து வைத்த பணத்தில் கேமிங் கணினி ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டுவதென்று முடிவு செய்திருக்கிறான். ரைசன் 5 7600 பிராசசர், ஆர்.டி.எக்ஸ். 4070 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, ரேம், எஸ்.எஸ்.டி., மானிட்டர் என எல்லாவற்றையும் மாடல் எண்ணோடு குறித்திருந்தவன், கடைசி வரியில் மட்டும் "எஸ்.எம்.பி.எஸ்., யூ.பி.எஸ்., ஃபேன் ஏதாவது போட்டுக்கலாம் மாமா" என்று எழுதியிருந்தான். எஸ்.எம்.பி.எஸ். என்பது வீட்டு மின்சாரத்தைக் கணினியின் பாகங்களுக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கும் பெட்டி; யூ.பி.எஸ். என்பது கரண்ட் போனால் பேட்டரியில் சற்று நேரம் தாங்கும் கருவி. நானும் நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடைசி வரியை அப்படித்தான் நினைத்தேன். அதற்கான விலையைப் பணமாகவும் பாகங்களாகவும் கொடுத்தவன் என்பதால், அவனுக்குத் தொலைபேசியில் சொன்னவற்றை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு தூத்துக்குடியில், கடற்காற்று நேராக வீசும் தெருவில் இருக்கிறது. ஜன்னல் கம்பி முதல் சைக்கிள் செயின் வரை இரண்டு மழைக்காலம் தாண்டித் துருப்பிடிக்காத இரும்பு எங்கள் தெருவில் இல்லை. என் முதல் கணினியைப் பூட்டி முடித்த இரவு, வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து கேபினட்டின் பின்பக்கத் திருகைத் தொட்டபோது விரல் நுனியில் சுள்ளென்றது. தூக்கிப் போடும் ஷாக் இல்லை. எறும்பு கடித்தது போன்ற கூச்சம். பெயிண்ட் படாத இடத்தில் புறங்கையை வைத்து மெல்ல இழுத்தால் விர்ரென்று ஓர் அதிர்வு தெரிந்தது. புது எஸ்.எம்.பி.எஸ். பழுதாக வந்துவிட்டது என்று எண்ணி மறுநாளே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் தம் மேசையில் மாட்டிக் காட்டினார். அங்கே அந்தக் கூச்சமே இல்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. மின்சாரம் நுழையும் இடத்தில், பேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் எஸ்.எம்.பி.எஸ்ஸின் உலோக உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். உள்ளே உண்டாகும் மின்னிரைச்சலை எர்த்துக்கு வடித்துவிடுவது அவற்றின் வேலை. எர்த் இல்லாத வீட்டில் அந்த வடிகால் இல்லாமல் போவதால், 230 வோல்ட்டின் பாதியளவில், ஏறத்தாழ 115 வோல்ட்டில் கேபினட் முழுவதும் மிதந்துகொண்டிருக்கும். பாயக்கூடிய மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் தொட்டவருக்குக் கூச்சத்தோடு போய்விடுகிறது. ஆனால் அதே கணினியிலிருந்து எச்.டி.எம்.ஐ. கேபிளை, எர்த்தோடு தொடர்புள்ள ஒரு தொலைக்காட்சியில் செருகும்போது அந்த மின்னழுத்தம் கேபிள் வழியாக வடியப் பார்க்கும். போர்ட் பழுதாவதற்கு அது போதும். உள்ளே உண்மையிலேயே ஒரு வயர் உரசி உடலைத் தொட்டுவிட்டாலோ, எர்த் இல்லாத வீட்டில் எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழாது, கேபினட்டே பேஸாக நின்றுகொண்டிருக்கும்.

எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி வந்து, ஹோல்டரில் மாட்டிய 100 வாட் குண்டு பல்பின் ஒரு வயரை பேஸிலும் மற்றொன்றை எர்த் துளையிலும் வைத்தார். பல்பின் இழை சிவக்கக்கூட இல்லை. நியூட்ரலுக்கு மாற்றியதும் பளீரென்று எரிந்தது. "எர்த்துக்குக் கம்பி இருக்கு தம்பி, கம்பிக்குத்தான் எர்த் இல்ல" என்றார். வீட்டின் பின்புறம் மண்ணில் இறங்கியிருந்த குழாயில் எர்த் கம்பியைப் பிடித்திருந்த கிளாம்ப்பை அவர் ஸ்பேனரால் தொட்ட மாத்திரத்தில், போல்ட் துருப்பொடியாக உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. எத்தனை ஆண்டுகள் அப்படி இருந்ததோ தெரியாது. புதுக் குழி தோண்டி, கரியும் உப்பும் அடுக்கிப் புதுக் குழாய் இறக்கினார். கோடையில் மண் காய்ந்தால் எர்த் பலவீனமாகிவிடும் என்பதால், சித்திரை, வைகாசி மாதங்களில் வாரம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்னார். இன்றுவரை ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

பல்பை வைத்துச் செய்யும் இந்தச் சோதனையை எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிடுங்கள், ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் சுவிட்ச்) பொருத்திய வீட்டில் அது ட்ரிப்பும் ஆகிவிடும். ஒரு மல்டிமீட்டரும் அதைக் கையாளத் தெரிந்த ஒருவரும் இருந்தால் மூன்று அளவுகளே போதுமானவை. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. என் வீட்டில் முதலில் இந்த மூன்றாவது அளவு 90 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. புதுக் குழாய் இறக்கிய பிறகு 1.4 வோல்ட்டுக்கு இறங்கியது.

எர்த்தைப் பற்றி இவ்வளவு எழுதக் காரணம், இதற்குப் பிறகு வாங்கும் பாதுகாப்புக் கருவிகளில் பெரும்பாலானவை அதை நம்பியே இருக்கின்றன என்பதுதான். நாம் ஸ்பைக் பஸ்டர் என்று வாங்கும் பலகைக்குள் இருப்பது பெரும்பாலும் வேரிஸ்டர் எனப்படும் ஒரு நாணயத்தின் அளவேயான பாகம். மின்னழுத்தம் திடீரென்று எகிறும்போது அது தன் வழியைத் திறந்து, மிகையானதை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் திருப்பிவிடுகிறது. எர்த் இல்லையென்றால் அந்தப் பாதைகளில் முக்கியமான ஒன்று அடைபட்டுவிடுகிறது. வேரிஸ்டர் ஒவ்வோர் அடியிலும் சிறிது தேய்வதால், பலகையில் பாதுகாப்பு விளக்கு இருந்து அது அணைந்துவிட்டால், பிளக் பாயிண்டுகள் வேலை செய்தாலும் பலகையை மாற்றிவிட வேண்டும். விளக்கே இல்லாத மலிவான பலகைகள் பலவற்றில் ஒரு சுவிட்சும் ஃபியூஸும் மட்டுமே இருக்கும். அவை வெறும் ஜங்ஷன் பாக்ஸ்.

நம் ஊரில் மின்னலைவிட அதிகம் அஞ்ச வேண்டியது நியூட்ரல் துண்டிப்பு. கம்பத்திலோ மீட்டர் பெட்டியிலோ நியூட்ரல் விட்டுப்போனால், மூன்று பேஸ்களுக்கு இடையே உள்ள 400 வோல்ட் வீடுகளுக்கிடையே தாறுமாறாகப் பங்கிடப்படும்; ஒரு வீட்டில் டியூப்லைட் மங்கும், அடுத்த வீட்டில் மின்விசிறி பேய்த்தனமாகச் சுற்றும். நொடியின் ஒரு சிறு துளி நேரமே நீடிக்கும் எகிறலுக்காக வடிவமைக்கப்பட்ட வேரிஸ்டரால், நிமிடக்கணக்கில் நீடிக்கும் இந்த அழுத்தத்தைத் தாங்க முடியாது. மின்னழுத்தம் எல்லை தாண்டியதும் இணைப்பையே துண்டித்துவிடும் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்றை மெயின் பெட்டியில் பொருத்துவதே இதற்குச் சரியான வழி. அது கணினியோடு சேர்த்துக் குளிர்பெட்டியையும் காப்பாற்றும்.

ஐப்பசி, கார்த்திகை இடியின்போது பிளக்கைப் பிடுங்கிவிடுவதற்கு ஈடான கருவி எதுவும் இல்லை. பிடுங்கும்போது இணைய இணைப்பின் லேன் கேபிளையும் சேர்த்துப் பிடுங்குங்கள். கம்பத்திலிருந்து வருவது ஃபைபராக இருந்தால் அந்தக் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. செம்புக் கம்பியாக இருந்தால் ஸ்பைக் பஸ்டரைச் சுற்றிக்கொண்டு நேராக மதர்போர்டுக்கு வரும் பாதை அதுவே. நண்பர் ஒருவரின் கணினியில் எல்லாம் நன்றாக இருக்க, லேன் போர்ட் மட்டும் ஒரு மழை இரவில் செத்துப்போனது.

அடுத்தது யூ.பி.எஸ். கடைகளில் எளிதாகக் கிடைப்பது 600 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) அளவு. அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து வாங்கியவன் நான். அதன் வாட் அளவு 360தான் என்பது பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இருந்தது. ரைசன் 5 7600 தன் உச்சத்தில் 88 வாட், 4070 சூப்பர் 220 வாட், மதர்போர்டு, ரேம், டிரைவ், மின்விசிறிகளுக்கு 40 வாட் என்று கூட்டினால் 350 வாட்டை நெருங்குகிறோம், எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் வெப்பமாக வீணாவதையும் மானிட்டரையும் சேர்த்தால் 400 வாட்டைத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட கணினியில் 600 வி.ஏ. யூ.பி.எஸ். இருந்தால், விளையாட்டின் நடுவில் கரண்ட் போனதும் நீளமாக ஒரு பீப் ஒலி கேட்கும். அடுத்த நொடியே எல்லாம் இருண்டுவிடும். இந்த அளவுக் கணினிக்கு 1100 வி.ஏ., 660 வாட் அளவுள்ளதைப் பாருங்கள். இந்த ரகத்தில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டு இருக்கும். கணக்குப்படி 168 வாட்-மணி என்றாலும், ஈய-அமில பேட்டரியிலிருந்து வேகமாக உறிஞ்சும்போது அதன் முழுக் கொள்ளளவு கிடைக்காது. பத்து நிமிடம் கிடைத்தால் நல்ல பேட்டரி. விளையாட்டைச் சேமித்துவிட்டு ஒழுங்காக அணைப்பதற்கே அந்த நேரம்.

மின்சாரம் போன கணத்துக்கும் யூ.பி.எஸ். பேட்டரிக்கு மாறும் கணத்துக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. வீடுகளுக்கு வழக்கமாக விற்கும் லைன் இன்டராக்டிவ் வகையில் அது பொதுவாக 4 முதல் 10 மில்லி நொடி வரை இருக்கும். அந்த இடைவெளியில் கணினியை உயிரோடு வைத்திருப்பது எஸ்.எம்.பி.எஸ்ஸின் பெரிய கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்சாரம். எஸ்.எம்.பி.எஸ். வடிவமைப்புக்கென 2023இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.1 வழிகாட்டி, முழுச் சுமையில் 12 மில்லி நொடியும் 80 விழுக்காட்டுச் சுமையில் 17 மில்லி நொடியும் அது தாங்க வேண்டும் என்கிறது. மலிவான எஸ்.எம்.பி.எஸ்ஸில் செலவைக் குறைக்க இந்தக் கெப்பாசிட்டரில்தான் கை வைப்பார்கள். அப்போது நல்ல யூ.பி.எஸ். இருந்தும் கணினி ரீஸ்டார்ட் ஆகும். யூ.பி.எஸ்ஸையும் எஸ்.எம்.பி.எஸ்ஸையும் தனித்தனிப் பொருள்களாக நினைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டலாமா என்று பலரும் கேட்கிறார்கள். ஓட்டலாம், ஆனால் அது வீட்டு மின்சாரம் போலவே வழுவழுப்பான அலையைத் தரும் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும், அதன் யூ.பி.எஸ். மோட் சுவிட்சும் போடப்பட்டிருக்க வேண்டும். சாதாரண மோடில் மாறும் நேரம் 20 மில்லி நொடியையும் தாண்டிவிடக்கூடும். அதாவது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு முழுச் சுழற்சியே காணாமல் போகிறது. இன்றைய நல்ல எஸ்.எம்.பி.எஸ்களில் இருக்கும், மின்சாரத்தைச் சீராக இழுக்க உதவும் ஆக்டிவ் பி.எஃப்.சி. சுற்று, படிக்கட்டு வடிவ அலையைக் கண்டால் சில நேரம் ரீங்காரமிடும், சில நேரம் நின்றேவிடும். வாங்கிய வாரமே மெயின் சுவிட்சை அணைத்துச் சோதித்துப் பாருங்கள். கணினி வெறுமனே நிற்கும்போது அல்ல, கனமான விளையாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது.

இனி எஸ்.எம்.பி.எஸ். எனக்குக் கேபினட்டோடு இலவசமாக ஒன்று வந்தது. கொட்டை எழுத்தில் 450 என்று போட்டிருந்தது. ஆனால் அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்துக்கு நேரே 16 ஆம்பியர் என்றிருந்தது. பெருக்கினால் 192 வாட். இன்றைய கணினியில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் வாழ்வது 12 வோல்ட்டில்தான். மற்ற கட்டங்களின் எண்களைக் கூட்டிப் பெரிதாக்கிக் காட்டுவதால் நமக்கு ஒரு பயனும் இல்லை. ஒழுங்கான 650 வாட் எஸ்.எம்.பி.எஸ்ஸின் ஸ்டிக்கரில் அதே கட்டத்தில் 54 ஆம்பியர், அதாவது 648 வாட் இருக்கும். அட்டைப் பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டு இந்த ஒரு கட்டத்தை மட்டும் பார்த்தாலே பாதி மாடல்கள் கழிந்துவிடும். பின்புறம் 115, 230 என்று மாற்றும் சிவப்புச் சுவிட்ச் இருந்தால் அது ஆக்டிவ் பி.எஃப்.சி. இல்லாத பழைய வடிவமைப்பு என்று பொருள்; அதை எடுக்க வேண்டாம்.

350 வாட் கணினிக்கு 650 வாட் எதற்கு என்று அக்கா மகனும் கேட்டான். கிராபிக்ஸ் கார்டின் 220 வாட் என்பது சராசரி. நொடியின் மிகச் சிறிய பகுதிக்கு அது அதைவிட மிகவும் அதிகமாக இழுத்துவிட்டு இறங்கும். கடிகாரத்தால் அளக்க முடியாத அந்த உந்தலைச் சுமை மிகுதி என்று எண்ணி எஸ்.எம்.பி.எஸ். தன்னை அணைத்துக்கொண்டால், நமக்குத் தெரிவது கரும்திரை மட்டுமே. 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 வழிகாட்டி, தன் அளவைப் போல இரு மடங்கு சுமையை 100 மைக்ரோ நொடி தாங்க வேண்டும் என்று விதித்தது இதற்காகத்தான். இன்னொரு காரணம் நம் வெயில். தரமான நிறுவனங்கள் தம் வாட் அளவை 40 அல்லது 50 டிகிரி வெப்பத்தில் தொடர்ந்து கொடுக்க முடியும் என்று எழுதித் தருகின்றன. எந்த வெப்பத்தில் என்று எழுதாதவர்களின் 650, கத்திரி வெயிலில் 650ஆக இருக்கும் என்று நம்ப இடமில்லை.

80 பிளஸ் சான்றிதழைப் பலர் தரச் சான்றிதழாக எடுத்துக்கொள்கிறார்கள். அது 2004இல் தொடங்கிய செயல்திறன் அளவீடு. எவ்வளவு மின்சாரம் வெப்பமாக வீணாகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில் வெண்கலத் தரம் (Bronze) 85 விழுக்காடும் தங்கத் தரமான கோல்டு 90 விழுக்காடும் எட்ட வேண்டும். 320 வாட் சுமைக்கு இந்த வேறுபாடு ஏறத்தாழ 21 வாட். நாளுக்கு நான்கு மணி நேரம் விளையாடினால் மாதத்துக்கு இரண்டரை யூனிட். மின்கட்டணத்துக்காகக் கோல்டு வாங்குகிறேன் என்றால் கணக்கு இடிக்கும். பெட்டிக்குள் 21 வாட் வெப்பம் குறைகிறது என்பதற்காகவும், கோல்டு வகையில் உள்ளிருக்கும் பாகங்கள் பெரும்பாலும் மேம்பட்டவை என்பதற்காகவும் வாங்கலாம். 105 டிகிரி வரை தாங்கும் கெப்பாசிட்டர்கள், அதிகச் சுமை, அதிக வெப்பம், ஷார்ட் சர்க்யூட் ஆகிய மூன்றுக்கும் பாதுகாப்பு, குறைந்தது ஐந்தாண்டு வாரண்டி, பிரித்துச் சோதித்தவர்களின் விமரிசனம் ஆகியவை எனக்கு வெண்கலமா தங்கமா என்பதைவிட முக்கியமானவை.

கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்.எம்.பி.எஸ். வாங்குபவர்களை ஒரு விஷயத்தில் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸின் கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். கணினிப் பக்கத்து முனைகளுக்குப் பொதுத் தரம் உண்டு, எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து முனைகளுக்குக் கிடையாது. வடிவம் அச்சாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வரும். என் ஹார்டு டிஸ்க் ஒன்று இப்படித்தான் எரிந்தது. அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அதில் இருந்தன, வேறெங்கும் பிரதி இல்லை. கிராபிக்ஸ் கார்டில் புதிய 16 பின் இணைப்பான் இருந்தால், அது அடிவரை இறங்கிவிட்டதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, முனையிலிருந்து 35 மில்லிமீட்டருக்குள் கேபிளை வளைக்காமல் விடுங்கள். 2022இல் ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகளில் அந்த இணைப்பான் உருகிய செய்திகளைப் படித்திருப்பீர்கள். முழுமையாக இறங்காத இணைப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது.

மின்விசிறிகளைப் பொறுத்தவரை, அறையின் வெப்பநிலைக்குக் கீழே எந்த மின்விசிறியாலும் எதையும் குளிர்விக்க முடியாது. வெளிநாட்டு விமரிசனங்களில் 22, 23 டிகிரி அறையில் 65 டிகிரி காட்டும் கார்டு, மே மாதத்தில் 36 டிகிரி இருக்கும் என் மாடி அறையில் 78ஐத் தொடுவது இயல்பு. அதைவிடப் பெரிய தவறு, நம் வீடுகளில் இருக்கும் கம்ப்யூட்டர் டேபிள். அதில் சி.பி.யூ. வைப்பதற்கென்று மூன்று பக்கமும் பலகை அடைத்த ஓர் அறை இருக்கும். கணினி வெளியே தள்ளிய சூடான காற்றையே திரும்ப உள்ளிழுத்துக்கொண்டிருக்கும். கேபினட்டை அங்கிருந்து வெளியே எடுத்து மேசை மேல் வைத்த ஒரே செயலில் என் கார்டின் வெப்பம் 83இலிருந்து 76க்கு இறங்கியது. ஒரு ரூபாய் செலவில்லை.

மீதியை ஓர் ஊதுபத்தி கற்றுக்கொடுத்தது. முன்புறம் இரண்டு மின்விசிறி உள்ளிழுக்க, பின்புறம் ஒன்றும் மேலே இரண்டும் வெளித்தள்ள என ஐந்து பொருத்தியிருந்தேன். பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி முன்புற வலையருகே ஊதுபத்தியைப் பிடித்தேன். உள்ளே நுழைந்த புகையில் பெரும்பகுதி பிராசசரை எட்டவே இல்லை. மேல்தளத்தின் முன்பக்க மின்விசிறி அதைப் பாதி வழியிலேயே மேலே உறிஞ்சி வெளியேற்றிவிட்டது. அந்த மின்விசிறியைக் கழற்றி முன்புறத்தில் மூன்றாவதாகப் பொருத்தியதும், புகை நேராகக் கார்டின் அடியிலும் பிராசசர் கூலரிலும் போய் மோதியது. வெளித்தள்ளுவதைவிட உள்ளிழுப்பது சற்று அதிகமாக இருப்பதால், இப்போது தூசியும் வடிகட்டி வழியாகவே வருகிறது, இடுக்குகளில் படிவதில்லை. முன்புறம் முழுக் கண்ணாடி உள்ள கேபினட்டில் இவை எதுவும் பலிக்காது. வலை முகப்பே நம் ஊருக்கு ஏற்றது.

எண்ணிக்கையையும் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு மின்விசிறியின் வேகத்தை இரட்டித்தால் காற்று இரட்டிக்கும், ஆனால் இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபெல் கூடும். அதே வேகத்தில் இன்னொன்றைச் சேர்த்தால் கூடுவது 3 டெசிபெல்தான். எனவே மூன்று நான்கு 120 அல்லது 140 மில்லிமீட்டர் மின்விசிறிகளை மெதுவாக ஓட்டுவதே நல்லது. வடிகட்டி வழியாகக் காற்றை இழுக்க வேண்டிய முன்புறத்துக்கு ஸ்டாட்டிக் பிரஷர் (தடையை மீறிக் காற்றைத் தள்ளும் அழுத்தம்) அதிகமுள்ளதாகப் பாருங்கள். ஆர்க்டிக் பி12 விலைக்கு நன்றாக உழைக்கிறது. மதர்போர்டே வேகத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய, நான்கு பின் உள்ள பி.டபிள்யூ.எம். வகையாக இருக்கட்டும். மின்விசிறியைச் செருகும் மதர்போர்டின் ஒரு ஹெடரில் (இணைப்பு முனையில்) பொதுவாக 1 ஆம்பியருக்கு மேல் ஏற்றக் கூடாது. வண்ண விளக்கு வேண்டுமென்றால், 5 வோல்ட் மூன்று பின் விளக்குக் கேபிளை 12 வோல்ட் நான்கு பின் விளக்கு ஹெடரில் அழுத்திச் செருகிவிடாதீர்கள். விளக்கு முழுவதும் எரிந்துவிடும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 1.8 வோல்ட் காட்டியது. பட்டியலை இருவருமாக உட்கார்ந்து திருத்தினோம். அவன் குறித்திருந்த ஆறு வண்ண மின்விசிறிகளை விளக்கில்லாத நான்காகக் குறைத்து, மிச்சமான தொகையை 660 வாட் யூ.பி.எஸ்ஸுக்கு மாற்றி, ஏதாவது என்று எழுதியிருந்த இடத்தில் 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றின் மாடல் எண்ணை அவனே எழுதினான்.